விழாத கோடு

பெரியம்மாவின் விரலிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுக்க அன்று எங்களுக்கு 20 நிமிடம் ஆனது. பால்மரம் வெட்டியும், பிறகு செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கியும், மருந்தடித்தும் காய்த்துப் போன கை அது. கருவியோடு வந்த குத்தூசி தோலைத் தாண்டி இறங்கவே இல்லை. வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்து, சற்று நேரம் தொங்கவிட்டு, மோதிர விரலின் ஓரத்தில் மூன்றாவது முறை குத்தியபோதுதான் கடுகளவு சிவப்பு எட்டிப் பார்த்தது. அதைச் சின்னக் குழாயில் உறிஞ்சி, பிளாஸ்டிக் பட்டையின் குழியில் விட்டு, மேலே இரண்டு சொட்டு மருந்து நீரையும் விட்டோம். சிலாங்கூரில், புக்கிட் ரோத்தான் தாமான் வீட்டின் முன்கூடத்தில் நான்கு பேரும் அந்தப் பட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். 2021 டிசம்பர். வெளியே விடாத மழை.

15 நிமிடம் கழித்து ஒரே ஒரு கோடு தெரிந்தது. என் அண்ணன் மகன் துள்ளினான். “ஒரு கோடுதான் பாட்டி! நெகட்டிவ்! ஒண்ணுமில்ல!”

பெரியம்மாவும் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பை நான்தான் நிறுத்த வேண்டியிருந்தது.

பையன் மீது குற்றமில்லை. அந்த ஆண்டு முழுக்க நாடே அப்படித்தான் பாடம் படித்திருந்தது. 2021 ஜூலையில் வீட்டிலேயே எச்சில் எடுத்துக் கோவிட் இருக்கிறதா என்று பார்க்கும் முதல் இரண்டு கருவிகளுக்கு மலேசியா அனுமதி தந்தது. செப்டம்பரில் அவற்றுக்கு 19 வெள்ளி 90 காசு என்று உச்ச விலை வைத்தார்கள். அதன்பிறகு அவை மளிகைக் கடை வரை வந்துவிட்டன. ஒரு கோடு என்றால் நிம்மதி, இரண்டு கோடு என்றால் தனிமை என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அவை ஆன்டிஜென் கருவிகள். உடம்பில் கிருமி இப்போது இருக்கிறதா என்று தேடுபவை. எங்கள் முன்னால் கிடந்ததோ ஆன்டிபாடி கருவி. கிருமியை எதிர்க்க உடம்பு செய்துவைத்திருக்கும் புரதம் ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டுக்கும் பட்டை ஒன்றுபோலத்தான் இருக்கும். பொருள் மட்டும் தலைகீழ். இதில் முதல் கோடு கருவி வேலை செய்கிறது என்பதற்கு. இரண்டாவது கோடு விழுந்திருந்தால் நாங்கள் கொண்டாடியிருக்கலாம். மூன்று தடுப்பூசி போட்டபிறகும் பெரியம்மாவுக்கு அது விழவில்லை.

அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய். லிம்போமா என்பார்கள். ரத்தப் புற்றுநோய் என்று ஊரில் ஒற்றைச் சொல்லாகச் சொல்கிறோம். உள்ளே லுக்கீமியா, லிம்போமா, மைலோமா என்று மூன்று பெரிய கிளைகளும், ஒவ்வொன்றிலும் பல உட்கிளைகளும் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை, நோயை எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளை அணுக்களிலேயே பிறக்கின்றன. காவலுக்கு நிறுத்திய ஆளே நோயாளி ஆகிவிடுகிற நிலை அது. மற்றப் புற்றுநோய்களிலிருந்து இது விலகி நிற்கும் இடமும் அதுதான்.

எங்கள் வட்டாரத்துக்காரர்களுக்கு இதை நான் நாற்று மேடையை வைத்துத்தான் சொல்வது வழக்கம். பெஸ்தாரி ஜெயா பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தை இங்கே அறியாதவர் இல்லை. 1917இல் ஆன்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அங்கே செம்பனை நட்டார். இந்த நாட்டில் வணிகத்துக்காக நடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அது. பேர் மட்டும் நம் தமிழ்க் கூலிகள் வாயிலிருந்து வந்த தென்னைமரம். எந்தத் தோட்டமும் நாற்று மேடையில்தான் தொடங்குகிறது என்பது அங்கே வேலை பார்த்த எவருக்கும் தெரியும். உடம்பில் அந்த மேடை ‘பி செல்’ என்னும் வெள்ளையணு. தடுப்பூசி என்பது விதையும் உரமும் போல. பி செல் அதை வாங்கிக்கொண்டு முளைத்து வளர்ந்து மரமாகி, ஆன்டிபாடி என்ற காயைக் கொடுக்க வேண்டும்.

இப்போது அந்த மேடையில் களை மண்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதுதான் லிம்போமா. களையை அழிக்க ரிட்டுக்சிமேப் என்ற மருந்து கொடுக்கிறார்கள். பி செல்லின் மேல் இருக்கும் சிடி20 என்ற அடையாளத்தைப் பார்த்து அது தாக்கும். களைக்கும் அந்த அடையாளம் உண்டு, நல்ல நாற்றுக்கும் உண்டு. இரண்டும் சேர்ந்து கருகும். நாற்றுப் பருவத்தைத் தாண்டி மரமாகிவிட்ட அணுக்களுக்கு அந்த அடையாளம் இல்லை. அதனால் சின்ன வயதில் வந்த அம்மைக்கு எதிரான பாதுகாப்பெல்லாம் பெரும்பாலும் அப்படியே நிற்கும். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ளத்தான் முடியாது. மருந்து நின்ற பிறகும் 6 மாதம், சிலருக்கு ஓராண்டு வரை மேடை வெறுமையாகவே கிடக்கும். அந்த நேரத்தில் எத்தனை மூட்டை உரம் கொட்டினாலும் முளைக்க அங்கே ஒன்றுமில்லை.

பெரியம்மா 12 ஆண்டுகள் தோட்டத்தில் மருந்தடித்தவர். முதுகில் தகர டின், காலில் சப்பாத்து, முகத்தில் ஒரு பழந்துணி. இந்த நாட்டில் பாராகுவாட் களைக்கொல்லி முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020 ஜனவரி 1ஆம் தேதி. அதற்குள் அவர் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ள பொருள்களின் வரிசையில் 2015இல் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்தது. மனிதர்களிடம் அது காட்டிய சான்று குறைவானது என்றும், அந்தக் குறைந்த சான்று லிம்போமாவைப் பற்றியது என்றும் சொன்னது. அவருக்கு நோய் அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நானும் சொல்லவில்லை. தோட்டத்துப் பெண்களின் உடம்பைப் பற்றி யாரும் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை என்பதை மட்டும் சொல்கிறேன். இந்தக் கட்டுரையில் நான் பேசப்போவதும் அப்படிப்பட்ட ஒரு கணக்கைப் பற்றித்தான்.

ஊசி போட்டால் இவர்களுக்கு வேலை செய்கிறதா என்ற கேள்விக்குப் பதில் 2021லேயே வரத் தொடங்கிவிட்டது. நாள்பட்ட லிம்போசைட்டிக் லுக்கீமியா நோயாளிகளை இஸ்ரேலில் சோதித்தார்கள். இரண்டு ஃபைசர் ஊசிக்குப் பிறகு ஆன்டிபாடி உண்டானது 100க்கு 39 பேருக்குச் சற்று மேல்தான். ஒப்பிடுவதற்காக எடுத்த ஆரோக்கியமானவர்கள் அத்தனை பேருக்கும் உண்டாகியிருந்தது. ரிட்டுக்சிமேப் வகை மருந்தை அதற்கு முந்தைய 12 மாதத்துக்குள் வாங்கியவர்களில் ஒருவருக்குக்கூட உண்டாகவில்லை. அமெரிக்காவின் லுக்கீமியா லிம்போமா சங்கம் 1,445 ரத்தப் புற்றுநோயாளிகளைப் பார்த்து, ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஊசிக்குப் பிறகும் ஆன்டிபாடி இல்லை என்று அதே ஆண்டு அறிவித்தது. ஊசி வருவதற்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு ஒரு கணக்கு போதும். கோவிட்டோடு பதிவான 3,377 ரத்தப் புற்றுநோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளை 2020இல் தொகுத்துப் பார்த்தபோது, பெரியவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள்.

2021 அக்டோபர் 18ஆம் தேதி அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் காலின் பவல் இறந்தார். வயது 84. இரண்டு ஊசியும் போட்டவர். அந்தச் செய்தி நம் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிய விதம் எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். “பார்த்தீர்களா, ஊசி போட்டவரே போய்விட்டார்” என்று அனுப்பினார்கள். அவருக்கு மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் இருந்ததும், ஊசிக்குப் பதில் சொல்ல வேண்டிய அணுவிலேயே அந்த நோய் பிறந்திருந்ததும் அந்தக் குறுஞ்செய்திகளில் இல்லை. அப்படிப்பட்டவரைச் சுற்றியிருப்பவர்கள் எல்லாரும் ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதுதான் அதில் படிக்க வேண்டிய பாடம். நேர்மாறான பாடத்தைப் பரப்பினார்கள். அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போட்ட சொந்தக்காரர்கள் எங்கள் குடும்பத்திலேயே இரண்டு பேர்.

பெரியம்மாவுக்கு ஊசி விழுந்தது 2021 நடுவில். சிலாங்கூரின் பெரும் பகுதி கடுமையான நடமாட்டக் கட்டுப்பாட்டில் கிடந்த நேரம். மைசெஜாத்ரா செயலியில் முழுத் தடுப்பூசி பெற்றவர் என்று வந்ததும் அதை அவர் எல்லாருக்கும் காட்டினார். சான்றிதழ் என்றால் சான்றிதழ்தானே. ஆகஸ்ட் 26ஆம் தேதி நாட்டில் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. அதற்கு அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குப் போகக் கிளம்பி நின்றார். “எனக்குத்தான் ரெண்டும் போட்டாச்சே தம்பி” என்றார். அவர் கையிலிருந்த சான்றிதழ் சொன்னது அவருக்கு ஊசி குத்தப்பட்டது என்பதை மட்டும். ஊசி பலித்ததா என்பதை அது சொல்லவில்லை. உடல்நலமுள்ளவர்களுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. அவருக்கு இரண்டும் இரண்டு வேறு செய்திகள்.

பலித்ததா என்று பார்த்துவிடலாம் என்று ஒரு தனியார் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே நடந்ததை நினைத்தால் என் மீதே கோபம் வருகிறது. வேலைக்குப் போவதற்கும் பயணத்துக்கும் தொற்றுச் சோதனை செய்ய வந்தவர்கள் அதே அறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாளரம் எதுவும் திறந்திருக்கவில்லை. இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். தனக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, பாதுகாப்பே இல்லாத ஒருவர் இருமலுக்கு நடுவே உட்கார வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது: 0.40க்குக் குறைவு. 0.80 இருந்தால்தான் உண்டு என்று அர்த்தம். அதாவது அந்தக் கருவியால் அளக்க முடிந்த கடைசிப் புள்ளிக்கும் கீழே.

வீட்டுச் சோதனையின் அருமை எனக்கு அன்றுதான் உறைத்தது.

வீட்டிலேயே ஆன்டிபாடி பார்ப்பது ஏதோ கற்பனை இல்லை. இங்கிலாந்தில் 2020லேயே ரியாக்ட்-2 என்ற ஆய்வில் லட்சம் பேருக்கு மேல் தபாலில் கருவி அனுப்பி, அவர்களே விரலைக் குத்திக்கொண்டு முடிவைத் தெரிவித்தார்கள். அதன் அடியொற்றி லண்டன் இம்பீரியல் கல்லூரி ‘மெலடி’ என்ற ஆய்வை நடத்தியது. உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், தன்னுடல் தாக்கு நோயாளிகள், லிம்போமா போன்ற ரத்தப் புற்றுநோயாளிகள் என்று மூன்று கூட்டத்தார். 20,000க்கும் அதிகமானோர் 2021 டிசம்பர் முதல் 2022 ஜூன் வரை சேர்ந்தார்கள். நாங்கள் புக்கிட் ரோத்தானில் பெரியம்மாவின் விரலோடு போராடிக்கொண்டிருந்த அதே வாரங்களில் இங்கிலாந்தில் எங்கேயோ ஒருவர் சமையல் மேசையில் உட்கார்ந்து தன் விரலைக் குத்திக்கொண்டிருந்தார் என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அவருக்குக் கருவி அரசுச் சுகாதாரப் பதிவேட்டின் வழியாக வந்தது. படத்தோடு விளக்கத் தாள் வந்தது. சந்தேகம் கேட்க ஆள் இருந்தது.

மூன்று ஊசியோ அதற்கு மேலோ போட்ட ரத்தப் புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கோடு விழவில்லை. ஆய்வு அதோடு நிற்கவில்லை. அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கோடு விழுந்தவர்களுக்குத் தொற்றும் குறைவாக வந்தது, மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் குறைவு. வீட்டில் விரலைக் குத்திப் பார்த்த ஒரு சொட்டு, யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை முன்கூட்டியே பிரித்துக் காட்டியது. எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இதுதான்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை நான் மதிக்கிறேன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 மே மாதத்திலேயே, ஊசிக்குப் பிறகு எதிர்ப்பாற்றலை அளக்க ஆன்டிபாடி சோதனையை நம்பாதீர்கள் என்று எச்சரித்தது. இங்கே நம் மருத்துவர்களும் அதையே சொன்னார்கள். காரணங்கள் நியாயமானவை. எத்தனை அளவு இருந்தால் போதும் என்று யாரும் வரையறுக்கவில்லை. கிருமி உருமாறும்போது பழைய ஆன்டிபாடி பாதி உதவும், சில நேரம் உதவாது. ஆன்டிபாடி மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது, டி செல் என்ற வேறொரு படை இருக்கிறது. பி செல் இல்லாத ரத்தப் புற்றுநோயாளிகள் கோவிட்டிலிருந்து மீண்டதில் டி செல்லுக்குப் பங்கிருந்ததை 2021இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே கோடு விழவில்லை என்றால் ஊசியே வீண் என்று பொருளில்லை. பெரியம்மாவிடம் நாங்கள் முதலில் சொன்னதும் அதைத்தான்.

ஆனாலும் அந்த எச்சரிக்கை யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது? ஊசி போட்ட ஆரோக்கியமானவரை. அவருக்குச் சோதனை தேவையில்லை, ஏனென்றால் பதில் முன்கூட்டியே தெரியும். நூற்றுக்கு நூறு பேருக்கு விழுகிற கோட்டைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? நூற்றில் இருபது, முப்பது, சில மருந்துகளில் நூறு பேருக்கும் விழாத கூட்டத்தாரிடம் அதே பேச்சைப் பேசலாமா? ஊருக்கெல்லாம் ஒரே அளவில் தைத்த சட்டையை இவர்களுக்கும் மாட்டிவிட்டோம்.

மருத்துவத்துக்கு இது புதிதும் இல்லை. மஞ்சள் காமாலை பி ஊசி போட்டபிறகு, மருத்துவமனை ஊழியர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் ரத்தத்தில் ஆன்டிபாடி 10 அலகுக்கு மேல் வந்திருக்கிறதா என்று பார்ப்பது பல நாடுகளில் வழக்கம். வரவில்லையென்றால் மறுபடி ஊசி. ஒரு ஊசிக்கு நியாயமாக இருப்பது இன்னொரு ஊசிக்கு ஏன் வீண் வேலை ஆக வேண்டும்?

நான் கேட்பது சின்ன விஷயம். ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவருக்கு, ஊசி போட்டு 4 வாரம் கழித்து, அவர் வீட்டிலேயே ஒரு விரல்குத்துச் சோதனை. தரம் பார்த்து அனுமதி பெற்ற கருவி. தமிழிலும் மலாயிலும் சீனத்திலும் படம் போட்ட விளக்கம். முடிவைப் படித்துச் சொல்ல வட்டாரக் கிளினிக்கின் தாதி. கோடு விழாதவருக்குச் சிகிச்சை மருத்துவமனையில் மறுபடி பார்த்து உறுதிசெய்ய ஒரு வழி. நாடு முழுக்கக் கோடிக்கணக்கில் கருவி வாங்கச் சொல்லவில்லை. பெயர்ப் பட்டியல் ஏற்கனவே இரத்தவியல் பிரிவுகளின் கையில் இருக்கிறது.

வீட்டிலேயே என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் எங்கள் ஊரின் தூரம். இரத்தவியலுக்கு நாட்டின் தலைமை மையம் அம்பாங் மருத்துவமனை. புக்கிட் ரோத்தானிலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். லாத்தார் நெடுஞ்சாலை வந்தபிறகு கார் உள்ளவருக்குப் பயணம் எளிதாகிவிட்டது. கார் இல்லாதவருக்கு அது பிள்ளையின் ஒரு நாள் சம்பளம். ஈஜோக், ஜெரம், பெஸ்தாரி ஜெயா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு அதற்கும் மேல் ஒரு செம்மண் பாதை. சிகிச்சைக்கே மாதம் ஒரு நாள் லீவு கேட்கிற மகன், ‘ஆன்டிபாடி பார்க்க’ என்று இன்னொரு நாள் கேட்க மாட்டான். கேட்கவும் முடியாது.

வீட்டு வாசலுக்கு வந்து அளப்பது இந்த மண்ணுக்கு அந்நியமான காரியமும் இல்லை. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், மலேரியா எங்கே எவ்வளவு என்று அறிய, தோட்டம் தோட்டமாகப் போய்க் குழந்தைகளின் வயிற்றைத் தடவி மண்ணீரல் வீங்கியிருக்கிறதா என்று எண்ணிக் குறித்தார். எந்தத் தோட்டத்தில் வடிகால் வெட்டுவது என்று தீர்மானிக்க அந்தக் கணக்கு உதவியது. பிறகு வந்த காலத்தில் காலைப் பெரட்டில் நின்றவர்களுக்குக் கொய்னா கொடுத்தார்கள். தோட்டத்து டிரசர் லயம் லயமாகப் போனார். அந்த ஏற்பாடு முதலாளியின் லாபத்துக்காக வந்தது என்பது எனக்குத் தெரியும். கூலி படுத்தால் பால் இறங்காது. ஆனாலும் ஆளைத் தேடிப் போய்ப் பார்ப்பது முடிகிற காரியம் என்பதை அது காட்டியது. நூறு ஆண்டுக்கு முன் லயத்துக்கு வந்த மருத்துவம், லயத்தை விட்டு மலிவு விலை வீட்டுக்கு நாம் மாறியபிறகு வாசல் வரை வருவதில்லை.

இனி, கோடு விழுந்துவிட்டால்? இங்கேதான் எனக்கு உண்மையான பயம். விழுந்த கோடு எளிதில் ஏமாற்றும். கருவி தவறானதாக இருந்தால் விழாத கோடும் ஏமாற்றும். எங்களைப் போல இணையத்தில் கருவி வாங்குகிறவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். நாங்கள் வாங்கியது இங்கே வீட்டுச் சோதனைக்கு அனுமதி பெற்றதல்ல. பதற்றத்தில் வாங்கினோம். யாரையும் அப்படி வாங்கச் சொல்ல மாட்டேன். சில கருவிகள் கிருமியின் முள்புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்க்கும், சில உட்கருப் புரதத்துக்கு எதிரானதைப் பார்க்கும். ஃபைசர் ஊசி கற்றுக்கொடுப்பது முள்ளை மட்டும். சினோவேக் செயலிழக்கச் செய்த முழுக் கிருமி, அதனால் இரண்டையும் கற்றுக்கொடுக்கும். ஃபைசர் போட்டவர் தெரியாமல் இரண்டாவது வகைக் கருவியை வாங்கிவிட்டால், நல்ல பாதுகாப்பு இருந்தும் கோடு விழாமல் பயந்துபோவார்.

இன்னொன்று. ஆன்டிபாடி மிகக் குறைந்த ரத்தப் புற்றுநோயாளிகளுக்கு இம்யூனோகுளோபுலின் ஏற்றுவார்கள். ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்தது அது. அவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டவர்கள் அல்லது கோவிட் வந்து போனவர்கள். அதை ஏற்றிக்கொண்ட சில நாளில் சோதித்தால் கோடு பளிச்சென்று விழும். அது இரவல் நகை. சில வாரத்தில் போய்விடும். கோட்டைப் பார்த்து ஊசி பலித்துவிட்டது என்று நினைத்துத் திருவிழாக் கூட்டத்துக்குள் இறங்கிவிடக் கூடாது.

அதனால்தான் சோதனையை மக்கள் கையில் தனியாகக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதை நான் ஏற்கவில்லை. விழுந்த கோட்டை வைத்து எதையும் தளர்த்த வேண்டாம். விழாத கோட்டை வைத்துத்தான் செய்ய வேண்டியவை இருக்கின்றன.

பெரியம்மா வீட்டில் அன்று என்ன செய்தோம் என்று சொல்கிறேன். ஊசியைத் தள்ளிப்போட்டிருந்த அந்த இரண்டு சொந்தக்காரர்களை மறுநாளே அழைத்துப் போனோம். வாதம் செய்து தோற்ற இடத்தில், வெறுமையாகக் கிடந்த அந்தப் பட்டையைக் காட்டியதும் அவர்கள் பேசவில்லை. அவருக்குச் சளியோ காய்ச்சலோ வந்தால் நாளை பார்க்கலாம் என்பது கிடையாது, அன்றே எச்சில் சோதனை என்று முடிவெடுத்தோம். 2022 ஏப்ரலில் பாக்ஸ்லோவிட் மாத்திரை அரசு மருத்துவமனைகளுக்கும் கிளினிக்குகளுக்கும் வந்தபோது இந்த அவசரத்துக்குக் கூடுதல் காரணம் கிடைத்தது. நோய்க்குறி தெரிந்த 5 நாளுக்குள் அதைத் தொடங்க வேண்டும். ஊசி பலித்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பவர் மூன்று நாளைக் கசாயத்திலேயே கழித்துவிடுவார். அந்த மாத்திரையில் இருக்கும் ரிட்டோனவிர், இப்ருட்டினிப், வெனெட்டோகிளாக்ஸ் போன்ற ரத்தப் புற்றுநோய் மாத்திரைகளோடு மோதும். ஆகவே சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை ஒரு தாளில் எழுதி அடையாள அட்டையோடு சேர்த்து வைத்தோம். வட்டாரக் கிளினிக் மருத்துவருக்கு அம்பாங்கில் என்ன கொடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். அந்த நேரம் நம்மிடம் இருக்காது.

2022 ஏப்ரல் 1ஆம் தேதி நாடு கோவிட்டோடு வாழும் கட்டத்துக்கு மாறியது. செப்டம்பர் 7ஆம் தேதியிலிருந்து உள்ளரங்குகளில் முகக்கவசம் அவரவர் விருப்பம் ஆனது. மறு ஆண்டு மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்தது என்றது. ஊருக்கு முடிந்தது. கோயில் மண்டபத்தில் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்த பெரியம்மாவைப் பார்த்து, “இன்னுமா இத மாட்டிக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. கேட்டவருக்கு அவருடைய வெறும் மேடையைப் பற்றித் தெரியாது. அவரும் விளக்கிச் சொல்கிறவர் அல்ல. கவசத்தைச் சற்று இறக்கி ஒரு புன்னகை, பிறகு பழையபடி. ‘எனக்கு ஊசி பலிக்கவில்லை, டாக்டர் ஐயா சொல்லியிருக்கிறார்’ என்று சொல்லவாவது அவர் கையில் ஒரு தாள் இருந்திருக்கலாம். கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன் என்று சொல்ல நம் பெண்களுக்கு ஒரு அரசாங்கத் தாள் தேவைப்படுகிறது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். கூட்டுக் குடும்பங்களில் இது உயிர் விஷயம்.

இதற்கெல்லாம் மருந்துச் சந்தையும் மெல்ல வழி தேடிக்கொண்டுதான் இருக்கிறது. தானாக ஆன்டிபாடி செய்ய முடியாதவர்களுக்கு ஆய்வகத்தில் செய்த ஆன்டிபாடியை நேரடியாகச் செலுத்தும் எவுஷெல்டுக்கு 2021 டிசம்பரில் அமெரிக்கா அவசர அனுமதி தந்தது. கிருமி உருமாறித் தப்பிவிட்டதால் 2023 ஜனவரியில் நிறுத்தியது. பின்னர் வேறு சில வந்திருக்கின்றன. இனி ஒன்று இந்த நாட்டுக்கு வந்தால், விலை கருதி எல்லாருக்கும் கொடுக்க முடியாது. யாருக்கு முதலில் என்று கேட்பார்கள். கோடு விழாதவருக்கு முதலில் என்று சொல்ல, அன்றைக்குக் கையில் கணக்கு இருக்க வேண்டும்.

பெரியம்மாவுக்குப் பராமரிப்புச் சிகிச்சையின் கடைசி ரிட்டுக்சிமேப் ஏறியது 2023 ஜூலையில். சமையலறை நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டோம். அதிலிருந்து 6 மாதம் எண்ணி, மேடையில் நாற்று மறுபடி தலைகாட்டக்கூடிய நேரம் பார்த்து, அடுத்த ஊசிக்கு மருத்துவர் நாள் குறித்தார். ஊசி போட்ட 28ஆம் நாளுக்கு என் அண்ணன் மகன் புது நாள்காட்டியில் இன்னொரு வட்டம் போட்டு, பக்கத்தில் ‘கோடு’ என்று எழுதி வைத்தான். இந்த முறை மருத்துவமனையிலேயே ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் ஒத்துக்கொண்டிருந்தார்.

அன்று விடியற்காலை 5 மணிக்குக் காரோடு போய் நின்றோம். முன்கூடத்து விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெரியம்மா சேலை கட்டித் தயாராகி, ஒரு கிண்ணம் வெந்நீரில் வலது கையை ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அங்கே முழங்கை மடிப்பில்தானே ரத்தம் எடுப்பார்கள், விரலில் இல்லையே என்றேன்.

“தெரியும் தம்பி. எதுக்கும் இருக்கட்டும்” என்றார். கையை எடுக்கவில்லை.